வெளியே நீட்டிய ஸ்பிரிங், வயிறு பெருத்த சைலன்சர்: பழைய ரேஸ் பைக்கைப் பார்க்கப் பழகுவது

பழைய ரேஸ் பைக்கின் படத்தை முதல் தடவை பார்க்கிறவர்கள் கொஞ்சம் திகைத்துப்போவார்கள். இரண்டு சக்கரம், டேங்க், ஹேண்டில்பார் எல்லாம் நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் எஞ்சின் தலையில் ஸ்பிரிங் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, கார்புரேட்டரோடு ஒட்டி இருக்க வேண்டிய பெட்ரோல் கிண்ணம் தனியாகத் தொங்குகிறது, முன் பிரேக் டிரம்மில் காற்று போக வாய் வைத்திருக்கிறார்கள், சைலன்சர் நடுவில் பெருத்து, கடைசியில் விரல் தடிமனுக்கு மெலிந்து முடிகிறது. ஏன் இப்படி என்று கேட்டால் "அந்தக் காலத்து டிசைன் அப்படி" என்று பதில் வரும். அந்தப் பதில் எனக்கு ஒத்துவராது.

ரேஸ் பைக்கில் லைட் கிடையாது, ஹார்ன் கிடையாது, பலவற்றில் கிக்கர்கூடக் கிடையாது, தள்ளிக்கொண்டே ஓடித்தான் ஸ்டார்ட் செய்வார்கள். கால் கிலோ குறையும் என்றால் எதையும் கழற்றிப் போடுகிற இடம் அது. அங்கே ஒரு விசித்திரமான உறுப்பு தப்பித்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால், அது ஏதோ ஒரு தொல்லையைத் தீர்க்கிறது என்று அர்த்தம். சூடு, அதிர்வு, எதிர்க்காற்று, இல்லையென்றால் ரேஸ் நடத்துகிறவர்களின் ரூல் புத்தகம், இதில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்கும். தொல்லை எது என்று பிடித்துவிட்டால் உறுப்பு தானாகப் புரியும். புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக், ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் என்கிற அளவுக்குத் தெரிந்தால் போதும், மற்றதை இங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

வெளியே தெரியும் வால்வ் ஸ்பிரிங்

எனக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஒரு அண்ணாச்சியால். இளவயதில் சென்னையில் வேலை பார்த்தவர். சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்துகொண்டிருந்த காலம் அது. வண்டி தள்ளவும் பிளக் மாற்றவும் கூடமாட நிற்கப் போயிருக்கிறார். ஊருக்குத் திரும்பியபோது ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய சாமான் கொண்டுவந்தார், விற்கவும் மாட்டார், தூரப் போடவும் மாட்டார். அதிலிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்து, "மக்கா, இத ஒண்ணு அமுக்கிப் பாரு" என்றார். பழைய மாட்ச்லெஸ் பைக் ஒன்றிலிருந்து கழற்றியதாம். துணி காயப்போடுகிற கிளிப்பில் ஒரு ஸ்பிரிங் இருக்குமே, நடுவில் சுருளும் இரண்டு பக்கம் நீண்ட காலும், அதே வடிவம், ஆனால் உள்ளங்கையை நிறைக்கிற அளவு, தடித்த கம்பி. இரண்டு கையாலும் அமுக்கினேன், அசையவில்லை. கால் இரண்டின் நுனி மட்டும் தேய்ந்து கண்ணாடியாகப் பளபளத்தது.

அதற்குப் பெயர் ஹேர்பின் ஸ்பிரிங். அது எதற்கு என்று புரிய, வால்வ் செய்கிற வேலையை முதலில் பார்க்க வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே வர ஒரு வால்வ், புகை வெளியே போக ஒரு வால்வ். திறப்பது கேம், அதாவது சுற்றுகிற தண்டில் ஒரு பக்கம் புடைத்திருக்கிற இரும்பு. மூடுவது ஸ்பிரிங். கேம் தள்ளும்போது வால்வுக்கு வேறு வழி கிடையாது, திறந்தே ஆக வேண்டும். மூடுவது மட்டும் ஸ்பிரிங்கின் பலத்தை நம்பி நடக்கிறது. எஞ்சின் 7,000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 7,000 சுற்றில் ஓடினால், இரண்டு சுற்றுக்கு ஒரு தடவை என்ற கணக்கில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 3,500 தடவை, அதாவது நொடிக்கு 58 தடவை திறந்து மூட வேண்டும். புல்லட் 'டப் டப்' என்று நிற்கும்போது இது ஒரு விஷயமே இல்லை. ரேஸில் முழுத் த்ராட்டிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இப்படி ஓட வேண்டும் என்றால் ஸ்பிரிங்குக்கு இரண்டு ஆபத்து.

ஒன்று சூடு. சாதாரணச் சுருள் ஸ்பிரிங் வால்வ் தண்டைச் சுற்றி, ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும். 1920-களிலும் 30-களிலும் கிடைத்த ஸ்டீல் அந்தச் சூட்டில் தளர்ந்துபோகும், சில சமயம் ஒடியும். ஸ்பிரிங் ஒடிந்தால் வால்வ் சிலிண்டருக்குள் இறங்கி பிஸ்டனில் அடிக்கும், அதோடு எஞ்சின் முடிந்தது. இன்னொன்று ஸ்பிரிங்கின் சொந்த நடுக்கம். வேகமாக அமுக்கி விட்டுக்கொண்டே இருந்தால் சுருளுக்குள் அலை ஓட ஆரம்பித்து, மூட வேண்டிய நேரத்தில் மூடாமல் போகும். வால்வ் கேமின் பேச்சைக் கேட்காமல் காற்றில் மிதக்கிற இந்த நிலையைத்தான் வால்வ் ஃப்ளோட் என்பார்கள்.

ஹேர்பின் இரண்டுக்கும் ஒரே அடியில் பதில் சொன்னது. நீண்ட காலின் நுனி மட்டும் வால்வ் தண்டின் மேல் முனையைப் பிடித்திருக்கும், சுருள் பாகம் தள்ளி ஓரமாக, காற்று அடிக்கிற இடத்தில் இருக்கும். சூடு குறைவு. வால்வோடு சேர்ந்து முழு தூரமும் ஆடுவது அந்தக் கால் நுனிதான், மற்ற எடையெல்லாம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும், அதனால் நடுக்கமும் குறைவு. ஒடிந்தாலும் வெளியே இருப்பதால் மாற்றுவது சுலபம். மேங்க்ஸ் நார்ட்டன், வெலோசெட் கேடிடி, ஏஜேஎஸ் 7ஆர் என்று பிரிட்டனின் ஒற்றைச் சிலிண்டர் ரேஸ் பைக்குகள் பலவும் இதைத்தான் வைத்திருந்தன. விலையும் உண்டு. ஸ்பிரிங்கும் வால்வும் திறந்து கிடப்பதால் எண்ணெய் கசிந்து ஓட்டுகிறவரின் காலெல்லாம் தெறிக்கும். பிறகு நல்ல ஸ்டீல் வந்தது, சுருள் ஸ்பிரிங்கே போதும் என்று ஆனது, ஹேர்பின் மறைந்தது. ஆனால் 1950-களின் ஒரு மேங்க்ஸ் எஞ்சினின் தலையைப் பார்த்தால் இந்தக் கதை அப்படியே வெளியே தெரியும், எனக்குப் பிடித்ததே அதுதான்.

சரி, ஸ்பிரிங்கை நம்புவதால்தானே இவ்வளவு தொல்லை, ஸ்பிரிங்கே வேண்டாம் என்றால்? இத்தாலியில் டுகாட்டியின் எஞ்சினியர் ஃபாபியோ டாலியோனி அதைத்தான் செய்தார். திறக்க ஒரு கேம், மூடவும் ஒரு கேம். வால்வை ஒரு பக்கம் தள்ளவும் மறுபக்கம் இழுக்கவும் இரும்பே இருக்கிறது, மிதக்க இடமே இல்லை. டெஸ்மோட்ரோமிக் என்று பெரிய பெயர், சுருக்கமாக டெஸ்மோ. இந்த யோசனையே அவருடையது என்று சொல்ல முடியாது, 1954-55-ல் மெர்சிடிஸ் ரேஸ் காரில் இருந்தது. ஆனால் 125 சிசி பைக்கில் அதை அடக்கினார். ஹெட்டில் மூன்று கேம் ஷாஃப்ட், ஓரத்தில் இரண்டும் திறக்க, நடுவில் இருப்பது மூட. 1956-ல் ஸ்வீடன் கிராண்ட் பிரியில் ஜியானி டெக்லி அந்தோனி ஓட்டி, முதல் ரேஸிலேயே ஜெயித்தது. கொஞ்ச நாளில் இத்தாலியின் மொன்சா டிராக்கில் பயிற்சியின்போது அவர் இறந்துபோனார், அந்த எஞ்சினை முதலில் ஜெயிக்க வைத்தவரே அதன் வளர்ச்சியைப் பார்க்கவில்லை. 1968-ல் டெஸ்மோ சாலை பைக்குக்கு வந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் டுகாட்டியின் அடையாளமே அதுதான்.

ஹோண்டா வேறு வழியில் போனது. ஸ்பிரிங்கை மாற்றவில்லை, வால்வையே குட்டியாக்கியது. எடை குறைந்தால் மூடுவது சுலபம், அவ்வளவுதான் கணக்கு. 250 சிசியை ஆறாகப் பிரித்தால் ஒரு சிலிண்டருக்கு 41 சிசி சொச்சம். அதில் நான்கு வால்வ், மொத்தம் 24. அதுதான் 1966-ன் ஆர்சி166. ஏறக்குறைய 18,000 ஆர்பிஎம் ஓடியது, அதாவது நொடிக்கு 150 தடவை ஒவ்வொரு வால்வும். மைக் ஹெயில்வுட் அந்த வருடம் 250 வகுப்பில் தான் ஓடிய பத்து ரேஸிலும் அதில் ஜெயித்தார். அந்தச் சத்தத்தின் பதிவுகள் கிடைக்கின்றன, நல்ல ஹெட்போனில் ஒரு தடவையாவது கேளுங்கள், சொல்லிப் புரியவைக்க முடியாது.

வயிறு பெருத்த சைலன்சர்

நம்ம ஊரில் இதுதான் அதிகம் பேருக்குத் தொடர்புள்ளது, ஏனென்றால் மார்த்தாண்டத்திலிருந்து கன்னியாகுமரி வரைக்கும் ஆர்எக்ஸ் 100 வைத்திருந்த, அல்லது வைத்திருந்த மாமாவோ சித்தப்பாவோ இருக்கிற ஆட்கள் எக்கச்சக்கம். அந்த வண்டியின் சைலன்சருக்குள்ளும் இதே சங்கதிதான் அடக்கமாக இருக்கிறது.

டூ ஸ்ட்ரோக்கில் இப்படிக் கேம் திறக்கிற வால்வ் கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள், பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அவற்றைத் திறந்து மூடும். தொல்லை எங்கே என்றால், புகை போகிற ஓட்டையும் புதுக் கலவை வருகிற ஓட்டையும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். அப்போது புதிதாக வந்த பெட்ரோல் கலவையில் ஒரு பங்கு, எரியாமலே நேராகச் சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். வெளியே போனதைத் திரும்பப் பிடித்து உள்ளே தள்ள ஒரு வழி வேண்டும், அதையும் நகருகிற உறுப்பு எதுவும் இல்லாமல்.

வழி சத்தத்தில் இருந்தது. எக்ஸாஸ்ட் ஓட்டை திறந்ததும் ஒரு அழுத்த அலை குழாயில் பாயும், நாம் கேட்கிற சத்தமே அதுதான். அலை போகிற வழியில் குழாய் அகலமானால், அங்கிருந்து ஓர் உறிஞ்சு அலை திரும்பி வரும். குழாய் குறுகினால், தள்ளுகிற அலை திரும்பி வரும். சைலன்சரின் முன்பாதி மெல்ல மெல்ல அகலமாகிற கூம்பு, அது அனுப்புகிற உறிஞ்சு அலை சிலிண்டரில் மிச்சம் இருக்கிற புகையை இழுக்கும், கூடவே புதுக் கலவையையும் கொஞ்சம் குழாய்க்குள் இழுத்துவிடும். பின்பாதி குறுகுகிற கூம்பு, அங்கே மோதித் திரும்புகிற அலை, ஓட்டை மூடுவதற்குச் சற்று முன்பு வந்து, வெளியே போன கலவையைத் திரும்பச் சிலிண்டருக்குள் அடைத்துவிடும். கடைசியில் இருக்கிற மெல்லிய குழாய் உள் அழுத்தத்தைப் பிடித்துவைக்க. அது ரொம்பச் சிறிதானால் சூடேறி பிஸ்டன் ஜாம் ஆகும், ரொம்பப் பெரிதானால் பவர் போகும். இந்த மொத்தக் குழாய்க்கும் எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்று பெயர்.

நீளம் ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டால் தெரியும். 10,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 6 மில்லி செகண்ட். எக்ஸாஸ்ட் ஓட்டை திறந்திருப்பது பாதிச் சுற்றுக்கு மேல், சுமார் 3.2 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்வோம். சூடான புகையில் சத்தம் நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் போகும். அப்படியானால் 3.2 மில்லி செகண்டில் 1.6 மீட்டர், போக 80 சென்டிமீட்டர், வர 80 சென்டிமீட்டர். அதனால்தான் அந்த வேகத்தில் ஓடுகிற 125 சிசி ரேஸ் பைக்கின் குழாய் சுமாராக அந்த நீளத்தில் இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் வெட்டினால் அலை சீக்கிரம் வந்து, பவர் வேறு ஆர்பிஎம்முக்குப் போய்விடும். சைலன்சரை நடுவில் அறுத்துவிட்டு "வண்டி பிச்சிக்கிட்டுப் போகுது" என்று சொல்கிற பையன்களை நாகர்கோவில் ரோட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். தம்பி, குறுகுகிற கூம்பை அறுத்தால் திருப்பி அடைக்கிற அலையே போய்விடும், சத்தம் கூடும், இழுவை குறையும், பெட்ரோல் ரோட்டுக்குப் போகும். போலீஸ் ஃபைன் அது தனி.

இதை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் கிழக்கு ஜெர்மனியில் எம்இசட் கம்பெனியின் வால்டர் காடன். கையில் காசு இல்லை, நல்ல சாமான் கிடையாது. கூம்பு கூம்பாகத் தகரம் வளைத்து, வெல்டிங் செய்து, ஓட்டி அளந்து, திரும்ப வெட்டி ஒட்டி, அப்படியே கண்டுபிடித்துக்கொண்டு போனார்கள். பழைய சேம்பர் ஒன்றைக் கிட்டப் பார்த்தால் வரிசையாக வெல்டிங் வளையங்கள் தெரியும், ஒவ்வொரு வளையமும் ஒரு கூம்பு முடிந்து அடுத்தது தொடங்குகிற இடம். இதோடு கார்புரேட்டரை எஞ்சினின் பக்கவாட்டில் வைத்து, சுழலுகிற தட்டால் உள்ளே வரும் வழியைத் திறந்து மூடுகிற டிஸ்க் வால்வும் சேர்ந்தது. 1961-ல் எம்இசட்டின் 125 சிசி எஞ்சின் 25 குதிரைத் திறன் கொடுத்தது, லிட்டருக்கு 200. காற்றைப் பம்ப் வைத்து அடைக்காத எஞ்சின் எதுவும் அதற்கு முன் அந்த அளவைத் தொட்டதில்லை. கால் நூற்றாண்டு கழித்து நம்மிடம் வந்த ஆர்எக்ஸ் 100-க்கு 11 குதிரைத் திறன் என்பதை வைத்துப் பாருங்கள், அதற்கே நாம் எப்படிக் கொண்டாடினோம்.

அதே 1961-ல் எம்இசட் ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர், உலகப் பட்டத்துக்கு மிக அருகில் இருக்கும்போது, ஸ்வீடன் ரேஸோடு தன் நாட்டுக்குத் திரும்பாமல் தப்பிப்போனார். சேர்ந்தது சுஸுகியில், காடனின் வித்தையும் அவரோடு போனது. 1962-ல் சுஸுகிக்கு 50 சிசி உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஜப்பான் டூ ஸ்ட்ரோக்குகளின் எழுச்சி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. காடனை நினைத்தால் எனக்கு எப்போதும் வருத்தம்தான், உழைத்தது ஒருவர், அறுவடை வேறு இடத்தில்.

இதற்கு ஒரு பக்க விளைவு உண்டு, அதுவும் ஒரு விசித்திர உறுப்பாக முடிந்தது. அலை சரியான நேரத்தில் வருவது ஒரு சின்ன ஆர்பிஎம் இடைவெளியில் மட்டும். அதற்குக் கீழே வண்டி செத்துக் கிடக்கும், மேலே போனால் திணறும். எஞ்சினை எப்போதும் அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்றால் கியர் நெருக்கமாக, நிறைய வேண்டும். 1967-ன் சுஸுகி 50 சிசி இரட்டைச் சிலிண்டர் பைக், 17,000 ஆர்பிஎம்முக்கு மேல் ஓடியது, அதற்கு 14 கியர். பதினான்கு! ஒரு வளைவுக்கு எத்தனை தடவை மிதிக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். 1969-லிருந்து 50 சிசிக்கு ஒரே சிலிண்டர், அதிகபட்சம் ஆறு கியர் என்று ரூல் போட்டு இந்தப் போட்டியை நிறுத்தினார்கள்.

தனியாகத் தொங்கும் பெட்ரோல் கிண்ணம்

இது சின்ன விஷயம். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொள்வது மிதவை இருக்கிற ஃப்ளோட் சேம்பர். பெரிய ஒற்றைச் சிலிண்டர் முழு வேகத்தில் அதிர்கிற அதிர்ச்சியில் அந்தக் கிண்ணத்தில் பெட்ரோல் நுரைத்துவிடும், மட்டம் போய்விடும், எஞ்சின் விக்கும். அதனால் ஆமல் ஜிபி போன்ற ரேஸ் கார்புரேட்டர்களில் கிண்ணத்தை எஞ்சினிலிருந்து பிரித்து, ரப்பரில் தொங்கவிட்டார்கள். அண்ணாச்சியின் டின்னில் அப்படி ஒரு கிண்ணமும் இருந்தது, பித்தளை மிதவை உள்ளே 'டொக் டொக்' என்று தட்டும்.

டின்னைத் திறந்தாலே ஒரு வாசனை வரும், அதைச் சொல்லாமல் போக மனசில்லை. அந்தக் காலத்து ரேஸ் ஆயில் ஆமணக்கு எண்ணெய்தான், காஸ்ட்ரால் ஆர் என்று விற்றார்கள், நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுக்கிற அதே விளக்கெண்ணெயின் வம்சம். கடுஞ்சூட்டில் அப்போதைய மினரல் ஆயில் நீர்த்துப்போகிற இடத்தில் ஆமணக்கு எண்ணெய் உலோகத்தை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அப்படியே விட்டுவைத்தால் பசையாகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும், ரேஸ் முடிந்ததும் வடித்துவிட வேண்டும். எரியும்போது ஒரு இனிப்பான புகை வாசனை. சோழவரம் பற்றிக் கேட்டால் அண்ணாச்சி முதலில் சொல்வது யார் ஜெயித்தார்கள் என்பதை இல்லை, இந்த வாசனையைத்தான்.

காற்று வாய் வைத்த டிரம்

டிஸ்க் பிரேக் வருவதற்கு முன் எல்லாம் டிரம்தான். உள்ளே இரண்டு ஷூ, ஒரு கேம் அவற்றை விரித்து டிரம்மில் உரசவைக்கும். சக்கரம் சுற்றுகிற திசையில் முன்னால் இருக்கிற ஷூவை, டிரம் தானே உள்ளே இழுத்து இன்னும் அழுத்திக்கொள்ளும், அதனால் அதற்குப் பிடி அதிகம். மற்ற ஷூவை டிரம் வெளியே தள்ளும், அதன் பிடி குறைவு. அப்படியானால் இரண்டு ஷூவையும் முன்னால் இருக்கிற மாதிரி மாற்றிவிட்டால்? எதிரெதிர் முனையில் ஆளுக்கு ஒரு கேம் வைத்து அதைச் செய்தார்கள், அதுதான் ட்வின் லீடிங் ஷூ. டிரம்முக்கு வெளியே இரண்டு லீவரும் அவற்றை இணைக்கிற ஒரு கம்பியும் தெரிந்தால் அதுவே அடையாளம். நம் ராஜ்தூத் 350-ன் முன் சக்கரத்தில் இருந்ததும் இதுதான். ரேஸ் பைக்கில் டிரம்மின் இரண்டு பக்கமும் இதை வைத்து நான்கு ஷூவாக்கினார்கள், இத்தாலியின் ஃபொன்தானா டிரம் அதில் பேர்பெற்றது. முன்னால் இருக்கிற வாய் காற்றை உள்ளே வாங்கி, சூட்டைப் பின்னால் அனுப்ப. டிரம் சூடானால் விரியும், ஷூ வழுக்கும், லீவர் ஹேண்டில்பாரைத் தொடுகிற வரைக்கும் வரும், ஆனால் வண்டி நிற்காது.

இதில் ஒரு வேடிக்கையான குறை உண்டு. இரண்டு ஷூவும் முன்னோட்டத்துக்கு ஏற்றபடி வைத்ததால், பின்னோட்டத்தில் இரண்டுமே பலவீனம். காளிகேசம் போகிற மாதிரி ஏற்றத்தில் நிறுத்தி முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டால், வண்டி மெல்லப் பின்னால் நழுவும். பிரேக் ரிப்பேர் என்று நினைத்து ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகாதீர்கள், அதன் குணமே அதுதான்.

1960-களின் ஹோண்டா 50 சிசி ரேஸ் பைக்குகளில் இதற்கு நேர்மாறான ஒன்று இருந்தது. வண்டியே அவ்வளவு லேசு, டிரம் வைத்தால் அதன் எடைதான் பாரம் என்று, முன் சக்கரத்துக்குச் சைக்கிளில் ரிம்மைப் பிடிக்கிற பிரேக்கையே போட்டார்கள். உலகப் பட்டத்துக்கு ஓடுகிற வண்டியில் சைக்கிள் பிரேக். முதலில் படம் பார்த்தபோது யாரோ மியூசியத்தில் தப்பாக மாட்டிவிட்டார்கள் என்றுதான் தோன்றும்.

முன் சக்கரத்தையே மூடிய கூடு

1950-களின் நடுவில் மோட்டோ குஸ்ஸி, ஜிலேரா மாதிரி இத்தாலிய பைக்குகளைப் பார்த்தால் முன் சக்கரமே தெரியாது, முன்பாதி முழுக்க அலுமினியத் தகடு மூடியிருக்கும். டஸ்ட்பின் ஃபேரிங் என்பார்கள். வேகம் கூடக் கூட எஞ்சின் பவரில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே போய்விடும், வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்கு. குஸ்ஸி மண்டெல்லோ டெல் லாரியோவில் தன் பைக்குகளுக்காகவே காற்றுச் சுரங்கம் கட்டியது. ஜூலியோ கார்கானோ செய்த எட்டுச் சிலிண்டர், எட்டு கார்புரேட்டர் 500 சிசி குஸ்ஸி, இந்தக் கூட்டோடு மணிக்கு 270 கிலோமீட்டருக்கு மேல் போனது. 1957-ல் பாப் மெக்இன்டயர் ஜிலேராவில், பிரிட்டன் பக்கத்துத் தீவான ஐல் ஆஃப் மேனில் நடக்கிற டிடி ரேஸின் சுற்றை முதல் முறையாக 100 மைல் சராசரிக்கு மேல் முடித்ததும் இப்படிப்பட்ட கூட்டோடுதான்.

அப்புறம் ஏன் 1957-ம் வருடத்தோடு தடை செய்தார்கள்? நம் மாவட்டத்துக்காரருக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பைக்கில் போயிருந்தால் உடம்புக்கே தெரியும். கணவாய் வழியாக வருகிற காற்று பக்கவாட்டில் அடிக்கும், லாரி ஒன்று தாண்டினால் ஒரு நொடி காற்று நின்று, மறு நொடி தூக்கி அடிக்கும், கை தானாக ஹேண்டில்பாரை இறுக்கும். சாதாரண பைக்குக்கே அப்படி. முன் சக்கரத்தைச் சுற்றி அவ்வளவு பெரிய தகடு வைத்தால் பக்கக் காற்று பிடிக்கிற பரப்பெல்லாம் முன்னால் போய்விடுகிறது, வண்டியின் மூக்கைத் திருப்பிவிடும். ரேஸ் வேகத்தில் அதைத் திருத்த நேரம் கிடையாது. தடைக்குப் பிறகு முன் சக்கரம் வெளியே தெரிய வேண்டும் என்று ஆனது. இன்றைக்கு ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் பார்க்கிற ஃபேரிங் வடிவம் அந்த ரூலுக்குள் வளர்ந்ததுதான்.

ரூல் புத்தகமே ஒரு உறுப்பைப் பிறக்க வைத்ததற்கு இன்னும் பெரிய உதாரணம் 1979-ன் ஹோண்டா என்ஆர்500. நான்கு சிலிண்டருக்கு மேல் கூடாது என்பது ரூல், ஹோண்டாவுக்கோ டூ ஸ்ட்ரோக்குகளை ஃபோர் ஸ்ட்ரோக்கால் ஜெயிக்க வேண்டும். எட்டுச் சிலிண்டருக்கு உரிய வால்வுகளை நான்கில் அடக்க, பிஸ்டனையே நீள்வட்டமாக்கினார்கள். ஒரு பிஸ்டனுக்கு இரண்டு கனெக்டிங் ராட், எட்டு வால்வ், மொத்தம் 32 வால்வ். பட்டம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்தப் பிஸ்டன்மேல் மரியாதைதான், வட்டம் இல்லாத ரிங்கைச் சிலிண்டரில் கசியாமல் உட்கார வைத்ததே பெரிய காரியம்.

தொடங்குகிறவர்கள் எதைப் பார்க்கலாம்

பைக் கண்காட்சியிலோ நல்ல தெளிவான படத்திலோ, காற்று போகிற வழியிலேயே கண்ணைக் கொண்டுபோங்கள். ஃபேரிங், கார்புரேட்டர், ஹெட், எக்ஸாஸ்ட், கடைசியில் பிரேக். ஒவ்வொரு இடத்திலும் இங்கே என்ன சூடாகும், என்ன ஆடும், என்ன கழன்று விழும் என்று கேட்டால் பாதி விடை கண்ணெதிரே இருக்கும். கிளட்ச் மூடி இல்லாமல் திறந்து சுற்றுகிறதா, சூடு. டேங்க் மேல் ஒரு பஞ்சுப் பட்டை இருக்கிறதா, நேர் ரோட்டில் படுத்துக்கொண்டு தாடையை வைக்க. எஞ்சினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸ் வெள்ளிக்குப் பதிலாகப் பொன் நிறத்தில் இருக்கிறதா, ஏஜேஎஸ் 7ஆரில் அப்படித்தான், மெக்னீசியம் உலோகத்தை அரிக்காமல் காக்கிற பெயின்ட் அது. இந்த மெக்னீசியம் சாமான் யாரிடமாவது இருந்தால், குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் வீடு என்றால், தயவுசெய்து வெறுமனே அலமாரியில் வைக்காதீர்கள். உப்புக்காற்று அதை வெள்ளைப் பொடியாக்கிவிடும், எண்ணெய் தடவிக் காற்றுப் புகாமல் சுற்றி வையுங்கள்.

இன்னொன்றும் தேடிப் பாருங்கள், ரொம்பச் சின்னது. ஆயில் வடிக்கிற போல்ட்டின் தலையில் ஊசி நுழைகிற அளவு ஒரு துளை போட்டு, அதில் முறுக்கிய மெல்லிய கம்பி ஒன்றைக் கோத்து, பக்கத்துப் போல்ட்டோடு கட்டியிருப்பார்கள். கம்பி எப்போதும் போல்ட்டை இறுக்குகிற திசையில்தான் இழுக்கும், அதனால் அதிர்வில் ஒன்று தளரப் பார்த்தால் மற்றது அதைப் பிடித்து நிறுத்தும். கழன்றால் ஆயில் ரோட்டில் கொட்டும், விழுவது பின்னால் வருகிறவர். இந்த லாக் வயர் இல்லாமல் வண்டியை ரேஸுக்கு விடவே மாட்டார்கள், இன்றைக்கும் அப்படித்தான்.